பிழையாகச் செத்தவள்

வவுனியாவில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கல்லூரியில் நாடகம் படிக்கும் இரண்டு மாணவிகள்.

“நான் செத்தது பிழையாம். நடிப்புக்குப் படிப்பிக்கிற சேர் புள்ளியைக் குறைச்சுப்போட்டார்.”

“ஏன்?”

“சூடு பட்டால் கையை நீட்டிக் கத்தி, சுழண்டு விழவேணுமாம். நான் சத்தமில்லாமல் குந்தியிருந்து, கழண்ட செருப்பைத் தேடினனான். சாகப்போறவை செருப்புத் தேடமாட்டினமாம்.”

“பின்னை ஏன் தேடினனீ?”

“அண்ணா தேடினவர். சந்தியிலை அவரைச் சுட்டுப்போட்டு ஜீப் போன பிறகும் தேடிக்கொண்டிருந்தவர்.”

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை; நானும் அவர்களுக்குப் பின்னாலேயே நின்றேன்.

“அதைச் சேரிட்டைச் சொன்னனியே?”

“இல்லை. சொன்னால், எல்லாருக்கும் முன்னாலை இன்னொருக்காச் செய்து காட்டச் சொல்லுவார்.”