ஷேக் சொன்ன நிர்ப்பந்தம்

ஹெஸ்ஸா: நூத்தம்பது யூரோவா? என் முகத்துக்கு வியன்னாவுல அவ்வளவுதான் வெலையா?

ஃபவாஸ்: முகத்துக்கு இல்ல ஹெஸ்ஸா. முகத்த மூடினா அபராதம். இங்க சட்டம் அப்படி.

ஹெஸ்ஸா: மூடினா காசு, தொறந்தா இலவசம். உங்க பேரீச்சம்பழ மண்டியில கூட இப்படி ஒரு வியாபாரத்த நான் பாத்ததில்ல.

ஃபவாஸ்: கீழ வண்டி நிக்குது. பத்து மணிக்கு அரண்மனை. முகத்த மூடுற நிக்காப எடுத்துட்டு, தலைத்துணியோட கெளம்பு. முகம் மட்டும்தான...

ஹெஸ்ஸா: மட்டும்தானா! நம்ம ஊரு புரைதாவுல நான் துணி காயப்போடுறத எதிர்வீட்டுக்காரன் பாப்பான்னு மாடியச் சுத்தித் தகரம் அடிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது?

ஃபவாஸ்: அது அந்த ஊரு. விமானத்துல பாத்தேல்ல? துருக்கிக்கு மேல வரும்போதே பாதிப் பொம்பளைங்க கழிப்பறைக்குள்ள போயி வேற ஆளா வந்தாங்க.

ஹெஸ்ஸா: அல்லாஹ்வோட கட்டளை என்ன, துருக்கியோட முடிஞ்சு போச்சா?

ஃபவாஸ்: முகம் மூடறது கட்டாயம்னு சில அறிஞர்கள் சொல்றாங்க. நல்லது, ஆனா கட்டாயமில்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க...

ஹெஸ்ஸா: பதினாலு வருஷமா மொத ஆளுங்க சொன்னத மட்டும்தான எனக்குச் சொன்னீங்க? ரெண்டாவத எந்தப் பெட்டியில பூட்டி வெச்சிருந்தீங்க?

ஃபவாஸ்: உன்கிட்ட பேச முடியுமா...

ஹெஸ்ஸா: சரி, மாஸ்க் போட்டுக்கறேன். கறுப்புக் கண்ணாடியும். ஆச்சா?

ஃபவாஸ்: அதுக்கு நோய்னு டாக்டர் சீட்டு காட்டணும்.

ஹெஸ்ஸா: யாருக்கு நோய்னு?

ஃபவாஸ்: ...யாருக்கும் இல்ல. பேச்சுக்குச் சொன்னேன்.

ஹெஸ்ஸா: ஏன் மூஞ்சி மாறுது?

ஃபவாஸ்: ஒண்ணும் மாறல! இதோ பாரு, மார்க்கத் தீர்ப்பு சொல்ற நம்ம ஷேக்கையே கேட்டாச்சு. குரல்ல பதில் அனுப்பியிருக்கார். நீயே கேளு.

ஷேக் (கைபேசியில்): "...சும்மா ஊர் சுத்திப் பாக்கறதுக்காக முகத்தத் திறக்கறது கூடாது. நிர்ப்பந்தம் இருந்தா கூடும். நீங்க சொன்னது நிர்ப்பந்தம்தான்..."

ஹெஸ்ஸா: ஏன் நிறுத்துனீங்க?

ஃபவாஸ்: அவ்வளவுதான்.

ஹெஸ்ஸா: இல்லையே. கோடு பாதியிலதான நிக்குது. மிச்சத்தப் போடுங்க.

ஃபவாஸ்: வண்டிக்காரன்...

ஹெஸ்ஸா: நிக்கட்டும். சுத்திப் பாக்கக் கூடாதுங்கிறார். நாம அரண்மனை பாக்க வந்திருக்கோம். அப்ப நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்துச்சு? இங்க ரெண்டாவதா ஒருத்தியப் பாத்து வெச்சிருக்கீங்களா?

ஃபவாஸ்: சீ! யாரு சொன்னா?

ஹெஸ்ஸா: கட்டிக்கோன்னு உங்கம்மா சொல்லாத நாளுண்டா? கைபேசிய இங்க குடுங்க.

ஃபவாஸ்: ஹெஸ்ஸா, வேணாம்...

ஷேக் (கைபேசியில்): "...பிள்ளைப்பேறு இல்லாத உங்க மனைவிக்கு வைத்தியம் பாக்கக் கூட்டிட்டுப் போறீங்க. தேவையான அளவு முகத்தத் திறக்கலாம். அல்லாஹ் அந்தச் சகோதரியோட குறையத் தீர்க்கட்டும். அபூ சாலிஹ், உங்களுக்குச் சீக்கிரமே ஒரு சாலிஹ் பொறக்கட்டும்."

ஹெஸ்ஸா: ஆமீன்.

ஃபவாஸ்: ...ஆமீனா?

ஹெஸ்ஸா: அவர் வேண்டின துஆவுக்கு வேற என்ன சொல்றது? கல்யாணத்தன்னைக்கே ஊரு உங்கள அபூ சாலிஹ், சாலிஹோட வாப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சிருச்சு. சாலிஹ்தான் இன்னும் வரல. அப்ப பத்து மணிக்கு அரண்மனை இல்ல, ஆஸ்பத்திரி.

ஃபவாஸ்: உன்கிட்ட மெதுவா சொல்லலாம்னு...

ஹெஸ்ஸா: யாரு பேர்ல சீட்டு?

ஃபவாஸ்: நம்ம பேர்ல.

ஹெஸ்ஸா: நம்மன்னா?

ஃபவாஸ்: நீ என்ன போலீஸா? எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. பக்கத்து ஊரு உனைஸாவுக்குப் போகணும்னாலே நூறு கேள்வி கேப்ப. வியன்னான்னதும் வாயே தொறக்காம பெட்டி கட்டுன. ஏன்?

ஹெஸ்ஸா: நானும் கேட்டுட்டுத்தான் வந்தேன்.

ஃபவாஸ்: யாருகிட்ட?

ஹெஸ்ஸா: இதே ஷேக்கிட்ட. பேரு சொல்லாம.

ஃபவாஸ்: நீயா? ...என்னன்னு?

ஹெஸ்ஸா: "வீட்டுக்காரருக்குத்தான் குறை. வைத்தியத்துக்கு நானும் கூட இருக்கணும். முகத்தத் திறக்கலாமா?"ன்னு. அதுவும் நிர்ப்பந்தம்தான்னார்.

ஃபவாஸ்: எனக்குத்தான் குறைன்னு உனக்கு எப்படி...

ஹெஸ்ஸா: பரிசோதனைக் காகிதத்தையும், இப்ப இந்த ஆஸ்பத்திரி சீட்டையும் பழைய பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சா பொண்டாட்டி கண்ணுல படாதா?

ஃபவாஸ்: அந்தக் காகிதம் எப்போலேர்ந்து தெரியும்?

ஹெஸ்ஸா: ஒன்பது வருஷமா.

ஃபவாஸ்: ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே...

ஹெஸ்ஸா: நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். ஷேக்கிட்ட கூட என்னத்தான நோயாளியாக்கினீங்க. சரி, இந்தாங்க நிக்காபு. பைக்குள்ள வைங்க.

ஃபவாஸ்: அப்ப... போலாமா?

ஹெஸ்ஸா: இருங்க. வருஷத்துக்கு ரெண்டு பெருநாள், ஒன்பது வருஷம். பதினெட்டுத் தடவ உங்கம்மா கூடத்துல எல்லார் முன்னாலயும் என்ன மலடின்னாங்க. பதினெட்டுத் தடவையும் நீங்க காப்பிக் கோப்பைக்குள்ள பாத்துட்டிருந்தீங்க. அவங்க நம்பரப் போட்டுட்டேன், மணி அடிக்குது. உண்மையச் சொல்லுங்க, ஒண்ணு கழியும். மிச்சம் பதினேழு.