ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற கொசு

மேடையில் இருக்கும் டாக்டர் ஐயா அவர்களே, நர்ஸ் அக்கா அவர்களே, என்னைப் போலவே எச்.ஐ.வி.யோடு குடித்தனம் நடத்தும் என் சொந்தங்களே, வணக்கம்.

நான் பெயிண்டர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். இந்த உரையில் 'மகத்தான' என்று ஒன்பது தடவை எழுதியிருந்தேன். என் மகள் எட்டை வெட்டிவிட்டாள். மிச்சமுள்ள ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆய்வகத் தொழில்நுட்பர், நாம் 'கொசு' என்று கூப்பிட்ட அண்ணன், மகத்தான மனிதர்!

நம் எல்லார் ரத்தத்தையும் பார்த்தவர், தன் ரத்தக் கொதிப்பை மட்டும் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டாரே! இது நியாயமா?

எட்டு வருடம் முன்பு, காசநோய் இருக்கிறதா என்று என் ரத்தத்தை எடுத்தார். 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று தாள் வந்தது. நோய் இருந்தால் சொல்லியிருப்பார்களே! அப்படியென்றால் இல்லை! இப்படி நானே டாக்டராகி, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். மகளுக்கு அப்போது பத்து வயது. என்னை விட்டால் அவளுக்கு யாருமில்லை.

மூன்றாம் நாள் ஒரு வீட்டில் கூரைக்கு வெள்ளை அடிக்கிறேன். கீழே ஏணியைப் பிடித்தபடி கொசு!

"இறங்குங்கண்ணே."

"ஏன், எடுத்த ரத்தம் பத்தலையா?"

"ரத்தம் போதும். சளி வேணும்."

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யாருப்பா இது?" என்றார். ஆஸ்பத்திரி ஆள் என்று தெரிந்தால் என் வேலை போச்சு!

"நான் இவர் மச்சான் சார். வீட்டுல ஒரு விசேஷம்" என்றார் கொசு. என் மானத்தை இப்படி யார் காப்பாற்றுவார்? சொல்லுங்கள், யார்?

தெருவுக்கு வந்ததும் திட்டினார். "உங்க ஒடம்புல காவல்காரனே கொறைச்சல். திருடன் வந்தானான்னு ரத்தத்தைக் கேட்டா, பதில் சொல்ல ஆளில்ல. அதுக்காகத் திருடனே இல்லைன்னு ஆயிடுமா?"

டப்பாவில் துப்பிக் கொடுத்தேன். "இது எச்சில்ண்ணே! அடிவயித்துலேர்ந்து இருமுங்க!" மூன்றாவது டப்பாவில் கிருமி சிக்கியது. ஆறு மாதம் மாத்திரை. பிழைத்தேன். இல்லாவிட்டால் எட்டு 'மகத்தான'வை வெட்ட என் மகளுக்கு அப்பன் ஏது?

அன்பர்களே! அதே தாளை வாங்கிக்கொண்டு, சளி கொடுக்கத் திரும்பி வராதவர்கள் இந்த அறையிலேயே இருக்கலாம். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள்! அவர்கள் பெயர்ப் பட்டியலை நர்ஸ் அக்கா எனக்குக் காட்ட மாட்டார். காட்டவும் கூடாது. அதனால் நானே உறுதி சொல்கிறேன்: இனி வாரம் தவறாமல் திங்கள் காலை எட்டு மணிக்கு ஆய்வகத்துக்குப் பின்னால், திறந்த வெளியில் நிற்பேன். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். டப்பாவைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, தள்ளிப்போய் மறுபக்கம் திரும்பி நின்றுகொள்வேன்.

வந்து, நன்றாகச் சத்தம் போட்டு இருமுங்கள்.