தைத்துக் கொடுத்த நாவல்

திருத்தணி மலையில் மொட்டை போட வரிசையில் நின்றேன். முன்னால் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் இருவர், மச்சான்கள். இளையவர் புலம்பினார்.

“பள்ளிக்கூடத்த நிறுத்தினதிலேர்ந்து எம்பொண்ணு புஸ்தகத்தையே தொடமாட்டேங்கறா, பாவா. எழுத்தே மறந்துடும் போலக்குது. பதினாலு வயசுக்கு எந்த நாவல் குடுக்கலாம்?”

“எங்க வூட்டு துப்பறியும் நாவல எடுத்துக்கினு போ. ஊசி நூலும் வாங்கிக்கோ.”

“ஊசி எதுக்குங்க?”

“நடுவுல காதல் வருது. அந்தப் பக்கங்கள நான் தைச்சுத்தான் எம்பொண்ணுகிட்ட குடுத்தேன்.”

“பிரிக்கலையா?”

“அன்னிக்கே பிரிச்சுட்டா. அப்புறம் அந்தக் காதலன் யாரு, என்னா ஆனான்னு மொதல்லேர்ந்து பூரா படிச்சா.”

“அப்போ நான் அட்டையோட சேத்துத் தைச்சுடறேன், பாவா!”

நான் ஒண்ணாங்கிளாஸோடு நின்றவன். என்னிடம் எல்லாப் புத்தகத்தையும் திறந்தே கொடுத்துவிட்டார்கள்.