செவ்வாய்க்கிழமை பிளேன்ல வந்தாத்தான் ரூம்

இல்ல மேடம், நீச்சல் குளமெல்லாம் கெடையாது. போட்டோவுல நீலமா தெரியுதே, அது மழைத்தண்ணித் தொட்டியோட மூடி. எங்கண்ணன் ஹாலந்துக்குப் படிக்கப் போறதுக்கு முன்னால பெயிண்ட் அடிச்சிட்டுப் போனான். அதப் பாத்து நெறைய பேரு ஏமாந்துட்டாங்க. மழையா? ஆகஸ்ட்லயா? தொட்டியில இப்ப ஓணான்தான் குடியிருக்கு.

ஹலோ? கேக்குதா? அந்த இரைச்சல் ஃபோன்ல இல்ல, காத்து. எங்க பொனேர் தீவுல எப்பவும் அடிக்கும். தொப்பி கொண்டு வரீங்கன்னா கயிறு வெச்சதா கொண்டு வாங்க. கயிறு இல்லாத தொப்பியெல்லாம் இந்நேரம் எதுத்த கரையில, வெனிசுவேலாவுல எவன் தலையிலயோ இருக்கும்.

நான் வீட்டுக்காரம்மாவோட பொண்ணு, ஜுலைனி. பதினெட்டு. பள்ளிக்கூடம் முடிச்சாச்சு. ரூம் விஷயம் நான்தான் பாத்துக்கறேன், இப்போதைக்கு. அம்மா சாப்பாடு விக்கப் போயிருக்கு, இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும். அது வர்றதுக்குள்ள பேசி முடிச்சிரலாம். ஏன்னா, உண்மையச் சொல்லிர்றேன், ஆகஸ்ட்ல யாரையும் சேக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு. செப்டம்பர்லருந்துதான்னு. நான்தான் அந்த ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை பிளேனுக்கு ஒரு ஆளப் பிடிச்சே ஆகணும்னு ஒக்காந்திருக்கேன். புதன்கிழமை வேணாம். சனிக்கிழமை டிக்கெட் சல்லிசா கெடைக்குதுன்னாலும் வேணாம். செவ்வாய்க்கிழமை, மத்தியானம் வந்து எறங்கும்ல, அந்த பிளேன்.

சொல்றேன். மொதல்ல ரூம் பத்திக் கேளுங்க. அது பிடிக்கலன்னா காரணம் தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க.

ஏசி இருக்கு. போட்டா சத்தம் வரும், எங்க பக்கத்து வீட்டு எஸ்மைன் மாமா குறட்டை மாதிரி. ஜன்னலத் தொறந்து போட்டுட்டா ஏசி தேவையே இல்ல, ஆனா அப்ப எஸ்மைன் மாமா குறட்டையே வரும். எது வேணுமோ நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. வெந்நீரா? தனிக் குழாய் இல்ல. பச்சத்தண்ணிக் குழாயத் தொறந்தாலே மத்தியானத்துல சுடும். குளிரக் குளிரக் குளிக்கணும்னா விடியக்காலைல எந்திரிங்க.

கடலா? இல்லங்க, எங்க ஊரு ரின்கோன். மலைக்கு நடுவுல இருக்கோம். கடலுக்கு வண்டியிலதான் போகணும். எங்க விளம்பரத்துல கடல் பக்கம்னு இருந்துச்சா? அது அண்ணன் எழுதுனது. தீவுல எல்லாமே கடல் பக்கம்தானேன்னு சொல்லுவான். மணல்ல படுக்கலாம்னு நெனச்சீங்கன்னா முதுகு கிழிஞ்சிரும், பாதி எடத்துல பவளக்கல்லுதான். செருப்பு மறக்காதீங்க. ஆனா தண்ணிக்குள்ள தலைய விட்டுப் பாத்தீங்கன்னா, அது வேற. அதப் பத்தி நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல.

சிரிக்கிறீங்க. நல்லது. போன வாரம் ஃபோன்ல பேசுன ஒருத்தங்க சிரிக்கவே இல்ல. சேவல் காலைல கூவுமான்னு கேட்டாங்க. கூவும்னேன். சொல்லி நிறுத்த முடியுமான்னாங்க. நீங்களே வந்து சொல்லிப் பாருங்கன்னேன். வெச்சிட்டாங்க. அதுக்கு முன்னால ஒரு புதுசாக் கல்யாணம் ஆன ஜோடி. எல்லாத்துக்கும் சரி சரின்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அவங்க கதவச் சாத்துனா பசிச்சாத்தான் தொறப்பாங்க. எனக்கு அப்படி ஆள் ஆகாது.

நீங்க தனியாவா வரீங்க? தனியாவேதானா? நல்லதாப் போச்சு. பேரு? மரெய்க. என்ன வேலை பாக்குறீங்க? நெசமாவா? பஸ்ஸா? அந்த நீளமா, நடுவுல மடங்குற பஸ்ஸா? ஹாலந்துல, க்ரோனிங்கன்லயா? பனியிலயும் ஓட்டுவீங்களா? அப்பா.

மேடம்னு கூப்பிட வரல, அக்கான்னே சொல்றேன். எங்கம்மா வயசுதானா? இருந்தாலும் அக்காதான்.

அங்க இப்ப குளிரா அக்கா? ஜூன்லயுமா ஸ்வெட்டர் போடறீங்க? அய்யோ. இல்ல, சும்மாத்தான் கேட்டேன்.

சரி, ஒரு விஷயம் முக்கியம். கேட்டை, அதான் வேலிக் கதவ, சாத்தணும். எங்கூர்ல ஆடுங்க வெளியே சுதந்திரமாத் திரியும், மனுஷங்க நாங்கதான் வேலி கட்டி உள்ள இருக்கோம். வேலி கள்ளிவேலி. கள்ளியக் கிளை கிளையா வெட்டி வரிசையா நட்டா அதுவா வளந்துக்கும். அதுக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, சொல்லிட்டேன். ஒரு ஜெர்மன்காரர் வந்தாரு, ரொம்ப நல்லவரு. பாவம் செடி காயுதேன்னு தினம் சாயங்காலம் ஊத்திட்டே இருந்திருக்காரு. எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் வேலி அழுகி, ஒரு பக்கமா அப்படியே படுத்துருச்சு. ஆடெல்லாம் கூட்டமா உள்ள வந்து கொடியில காஞ்ச துணியத் தின்னுருச்சுங்க. அம்மா சர்ச்சுக்குக் கட்டுற பாவாடை பாதிதான் மிஞ்சுச்சு. அம்மா அவரத் திட்டல. பாவாடையத் தின்ன ஆட்ட விலைக்கு வாங்கி, கொழம்பு வெச்சு, அவருக்கே போட்டுச்சு. என் பாவாடை ருசியா இருக்கான்னு கேட்டுச்சு. அவருக்கு மொழி புரியல, தலைய ஆட்டிட்டு இன்னும் கொஞ்சம் வாங்கிக்கிட்டாரு.

ஆமா, சாப்பாடு உண்டு. சோளமாவுக் களி, ஆட்டுக்கறி, மீனு. அம்மா எங்கூர்க் கள்ளியில சூப்பும் வைக்கும், வழவழன்னு மூக்கு ஒழுகுற மாதிரி இருக்கும், எனக்கே பிடிக்காது. ஆனா ராத்திரிச் சாப்பாடு அம்மாகூட மேசையில ஒக்காந்துதான் சாப்பிடணும். தட்ட எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போற வேலையெல்லாம் ஆகாது. இது மட்டும் நான் கண்டிப்பாச் சொல்றேன். அம்மாவுக்கு டச்சு கொஞ்சம்தான் வரும், மீதிய கையாலயே பேசிரும். சாப்பிட்டதும் டாமினோ எடுத்துப் போடும். கள்ளாட்டம் ஆடும். கண்டுக்காம விட்ராதீங்க. பிடிச்சு, சத்தமா சண்டை போடுங்க. அப்பத்தான் அதுக்கு நல்லாத் தூக்கம் வரும்.

என்ன? இன்னொரு தடவ கேளுங்க.

வீட்ல வேற யார் யார் இருக்கீங்கன்னா?

அக்கா, இத்தனை பேர்கிட்ட பேசிட்டேன், இந்தக் கேள்விய யாருமே கேக்கல. குளம் இருக்கா, வைஃபை இருக்கா, ஃபிளமிங்கோ வீட்லருந்து தெரியுமா, இதத்தான் கேட்டாங்க.

நானும் அம்மாவும்தான். அப்பா பக்கத்துத் தீவு குராசாவ்ல, வேற வீடு, வேற பசங்க. அவர் கத நமக்கு எதுக்கு. அண்ணன் உங்கூர்ப் பக்கம்தான், அங்கயே வேலைக்குச் சேந்துட்டான். நீங்க தங்கப் போறது அவன் ரூம்தான். சொவத்துல கால்பந்துக்காரங்க படம் ஒட்டியிருக்கும், கிழிச்சிராதீங்க.

ஆமா, சொல்றேன்னேன்ல, செவ்வாய்க்கிழமை.

எங்கூர்ல ஆகஸ்ட் வந்தா பள்ளிக்கூடம் முடிச்ச புள்ளைங்கள மேல படிக்க ஹாலந்துக்கு ஏத்தி விடுவாங்க. ஊரே ஏர்போர்ட்டுக்கு வந்துரும். ஒவ்வொரு வீட்டாளுங்களும் ஒரே கலர் சட்டை போட்டிருப்பாங்க, அதுல போற புள்ள மூஞ்சி அச்சடிச்சிருக்கும். மேளம், பாட்டு, அப்பறம் பிளேன் கெளம்புனதும் எல்லாரும் கம்பி வேலியப் பிடிச்சுக்கிட்டு மொத்தமா ஒப்பாரி. அண்ணன் போனப்ப அம்மா அழல. எல்லாரையும் பாத்து சிரிச்சிட்டு, போய் வண்டியில ஒக்காந்துச்சு. ஒக்காந்ததுதான். கூட்டமெல்லாம் கலஞ்சு போயிருச்சு, அது சாவியப் போடவே இல்ல. பக்கத்து சீட்டுல நான் இருந்தேன். அம்மா, பசிக்குதுன்னு சொன்னேன். அப்பறம்தான் வண்டிய எடுத்துச்சு.

இந்தத் தடவ அந்தக் கூத்துக்கெல்லாம் வரலன்னு அம்மா சொல்லிருச்சு. எஸ்மைன் மாமா கொண்டு போய் விடுவாரு, நம்ம கேட்டுலயே டாட்டா காட்டிக்கலாம்னு. சட்டையும் அடிக்கல.

ஆமா அக்கா. நான்தான்.

நீங்க எறங்குற அதே பிளேன்தான் திரும்பிப் போகுது. நீங்க எறங்குனா நான் ஏறுவேன். விருந்தாளி வராங்க, போய் கூட்டிட்டு வரணும்னா அம்மா வராம இருக்காது. வேலைன்னா வந்துரும். எல்லார் முன்னாடியும் ஏன் வந்தேன்னு சொல்லிக்கவும் ஒரு சாக்கு கெடச்ச மாதிரி இருக்கும். பக்கத்து சீட்டும் காலியா இருக்காது.

அழல அக்கா. காத்துன்னு சொன்னேன்ல, தூசி. நீங்க ஏன் மூக்க உறிஞ்சுறீங்க, அங்கதான் தூசியே இல்லையே.

இருங்க, வண்டிச் சத்தம் கேக்குது, அம்மா வந்துருச்சு. சீக்கிரம் சொல்லுங்க, வரீங்களா? செவ்வாய்க்கிழமைதானே? நிச்சயமாவா?

சரி. சிவப்பு வண்டி, முன்னால வெளக்கு ஒடஞ்சிருக்கும். எறங்குனதும் என்னத் தேடிட்டு நிக்காதீங்க, நேரா அம்மாகிட்ட போங்க. பசிக்குதுன்னு சொல்லுங்க. அப்பயும் அது சாவியப் போடலன்னா, வாங்கிட்டு நீங்களே ஓட்டிருங்க அக்கா. நேர் ரோடுதான். ஆடு குறுக்க வரும், பாத்து.