கடல்காரர் காவிரியில் விழுந்தது

"முப்பது வருஷமா கடலுக்குப் போறவரு, காவிரியில விழுந்துட்டாருங்க!"

பட்டுக்கோட்டை பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த அதிராம்பட்டினத்து மீன்காரம்மா, பக்கத்திலிருந்த கணவரைக் காட்டி, அடுத்த வரிசைப் பெண்ணிடம் சொன்னார்.

"எங்க?"

"குடகுல. மக கூட்டிட்டுப் போனா. புதுசா வர்றவங்களும் ரப்பர் படகுல போகலாமாம், கூடவே கைடு வருவாரு. பாறைகிட்ட படகு தூக்கிப் போட்டுச்சு, இவரு தண்ணியில. கைடு துடுப்ப நீட்டுனாரு. 'எனக்கு நீச்சல் தெரியும்'னு இவரு புடிக்கவே இல்ல. வெள்ளம் இழுக்குது. எனக்கு உசிரே இல்ல. படகு பக்கம் வந்தப்ப, லைஃப் ஜாக்கெட்டப் புடிச்சு உள்ள இழுத்துப் போட்டேன்."

"அப்புறம்?"

"கரை வர்ற வரைக்கும் என் கைய விடல."

கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "கைடுதான் கையப் புடிச்சுக்கச் சொன்னாரு" என்றார்.