மழைப்பீப்பாயில் நாற்பது நாள்

டென்மார்க்கில் மழையைக் குறைசொல்லாத தமிழன் ஒருவன் இருந்தால் அது நானாகத்தான் இருக்கும். ரண்டர்ஸுக்கு வந்து முப்பத்துநாலு வருடமாகிறது. எங்கள் ஆட்கள் எங்கே கூடினாலும் முதலில் மழையைத் திட்டிவிட்டுத்தான் மற்றக் கதைக்குப் போவார்கள். நான் அதில் சேர்வதில்லை. மழை இல்லையென்றால் இந்த ஊரில் என்னை யாருக்கும் தெரிந்திருக்காது.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்று பொலிஸில் சொன்னீர்கள், நன்றி. டேனிஷில் எனக்குக் கோபப்படவே சரியாக வராது, வாக்குமூலம் எப்படி வரும்? உங்கள் கேள்வி ஒன்றே ஒன்றுதான். என் தங்கையின் கணவன் நித்தியானந்தன் சாவதற்குச் சற்று முன் என்னிடம் ஏதோ கேட்டதையும், நான் பதில் சொன்னதையும் பக்கத்துத் தோட்டத்து ஈங்கர் வேலிக்கு மேலால் கண்டிருக்கிறார். தமிழில் கதைத்ததால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சொன்ன பதில் என்ன என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம் இருக்கும்.

பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ப்ரேபென்தான் என்னைப் பழைய மாதிரித் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே இருப்பவை நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய மாதிரியில் இப்போது செய்த ரிவோல்வர்கள். தோட்டா கிடையாது. உருளையில் ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் வெடிமருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தி, பின்பக்கத்தில் சின்னச் செப்புத் தொப்பி ஒன்றை மாட்டவேண்டும். சுத்தியல் அந்தத் தொப்பியில் விழுந்தால் பொறி உள்ளே போகும். மருந்தில் ஈரம் பட்டால் எல்லாம் சேறு. அதனால் குண்டுக்கு மேலே மெழுகு பூசி அறையை அடைப்பார்கள். எல்லாரும் செய்கிற வேலைதான், ஆனால் எல்லாரும் பாணுக்கு பட்டர் பூசுவது போல் பூசுவார்கள். நான் தேன்மெழுகையும் ஆட்டுக்கொழுப்பையும் கலந்து, ஒரு அறைக்குக் கால் மணித்தியாலம் எடுப்பேன். கலக்கும் அளவை எழுதமாட்டேன். அது உங்கள் விசாரணைக்குத் தேவையில்லை.

இலையுதிர் காலத்தில் சங்கத்தில் மழைப் போட்டி நடக்கும். காலையில் நிரப்பிய ரிவோல்வரைப் பகல் முழுக்க வெளிமேசையில் நனையவிட்டு, மாலையில் சுடவேண்டும். ஏழு வருடம் தொடர்ந்து என் ஆறும் வெடித்தன. ‘ரெயின்மெஸ்டர்’, அதாவது மழையை வென்றவன் என்று ஒரு பித்தளைத் தகடு தந்தார்கள். தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நான் வெறும் ‘யெப்’. அந்தத் தகட்டில்தான் ஜெபரட்ணம் என்று முழுப்பெயரும் பிழையில்லாமல் இருந்தது.

நித்தியையும் நான்தான் சங்கத்தில் சேர்த்தேன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நல்லவன், பெரிய பகிடிக்காரன். கையில் எது கிடைத்தாலும் காதில் வைத்து அதைத் தொலைபேசியாக்கிவிடுவான். வாழைப்பழம், அகப்பை, பிள்ளைகளின் சப்பாத்து, எதுவும் விலக்கில்லை. பிறகு நான் கொம்யூன், அதாவது நகரசபைக் கந்தோருக்கு எடுத்துக் கதைப்பது போலக் கதைப்பான். என் டேனிஷ், என் இருமல், சொல் வராமல் நான் நிற்கிற நிற்பு, எல்லாம் அப்படியே வரும். என் மகள் ஜெனுஷாவின் முப்பதாவது பிறந்தநாளில் சோற்றுக் கரண்டியை வைத்துச் செய்தான். ஜெனுஷா மறுமுனையில் கொம்யூன் பெண்ணாக டேனிஷில் பதில் சொன்னாள். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எனக்கு அவனில் கோபம் இருக்கவில்லை. இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பந்தயம் வந்ததும் அன்றுதான்.

“மச்சான், உன்ர மெழுகெல்லாம் சும்மா புழுகு,” என்றான். “ஒரு பகல் நனையிறது ஒரு நனையலே? என்ர தோட்டத்து மழைப்பீப்பாய்க்குள்ள நாப்பது நாள் போட்டுப் பாப்பம். ஒண்டும் வெடியாது.”

“வெடிச்சா?”

“வெடிச்சா, உன்னை மாதிரிக் கதைக்கிறதை அண்டையோட விடுறன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் அவனுடைய ரிவோல்வரை நான் நிரப்பி அடைத்தேன். அவனுடைய கொலனிஹேவில், அதாவது ஊர் எல்லையில் வாடகைக்கு எடுத்திருந்த சின்னத் தோட்டத்தில், கூரைத்தண்ணி விழும் பீப்பாய் ஒன்று உண்டு. அதற்குள் கயிற்றில் கட்டி இறக்கினோம். நிரப்பிய துப்பாக்கியை அப்படி வைத்திருப்பது குற்றம் என்பதை ஏற்கனவே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

இனி எழுதப்போவது நீங்கள் அறியாதது. இருபத்திரண்டாம் நாள், நித்தி வேலைக்குப் போயிருந்த நேரம், தோட்டத்துக்குப் போனேன். தங்கை இன்பமலர் மிளகாய் பிடுங்கிக்கொண்டிருந்தாள். “ரெண்டு பேரும் சின்னப்பிள்ளையளே அண்ணை?” என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவள் பாத்திக்குத் திரும்பிய பிறகு ரிவோல்வரை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய் ஒரு அறையைத் திறந்தேன். மருந்து சீனி மாதிரி உலர்ந்து கொட்டியது. அந்த அறையைப் புதிதாக நிரப்பி அடைத்து, விளிம்பில் ஊசியால் ஒரு கீறல் வைத்துவிட்டு, மறுபடி பீப்பாய்க்குள் இறக்கினேன். உள்ளே ஈரமாகியிருக்கும் என்று நம்பியதாக முதல்நாள் உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய்.

நாற்பதாம் நாள் சனிக்கிழமை. தூறிக்கொண்டிருந்தது. இன்பமலர் கொட்டிலுக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். சங்கத்துக்குக் கொண்டுபோய்த்தான் சுடுவது என்று பேச்சு. நித்திக்குப் பொறுமை இல்லை. கயிற்றை இழுத்து எடுத்தான், குழலிலிருந்து தண்ணி ஓடியது. குப்பைமேட்டைப் பார்த்து ஆறு தரம் விசையை இழுத்தான். ஆறு தரமும் வெறும் ‘டிக்’ சத்தம். மற்றவர்கள் என்றால் நல்லகாலம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு ஒவ்வொன்றும் செருப்படியாக விழுந்தது. ஈரமானது தொப்பிகள். தொப்பி கடையில் வாங்குவது, அது என் வேலை அல்ல.

“ரெயின்மெஸ்டற்ற கதை முடிஞ்சுது,” என்றான் நித்தி.

என் சட்டைப்பையில் புதுத் தொப்பி டப்பா இருந்தது. வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன்.

“தொப்பிதான் நனைஞ்சது. புதுசு போட்டுப் பார்.”

“ஒண்டு காணும்,” என்று ஒன்றை மட்டும் எடுத்து மாட்டினான். மாட்டியதும் நின்றான். அவன் மடையன் அல்ல. நாலு வருடம் சங்கத்தில் சுட்டவன். மருந்து உலர்ந்திருந்தால் இப்போது வெடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். குழலை நிலத்துக்குச் சாய்த்துப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தான். ஈங்கர் கண்டது இதைத்தான்.

“மச்சான், பகிடியை விட்டிட்டு உண்மையைச் சொல்லு. உள்ளுக்குத் தண்ணி போயிருக்குமோ?”

தெரியாது என்று சொல்லியிருந்தாலே போதும். குப்பைமேட்டுக்குச் சுட்டிருப்பான். வெடித்திருக்கும், நான் வென்றிருப்பேன். இரண்டு மாதம் வாக்கைக் காப்பாற்றியிருப்பான். பிறகு யாருடையவாவது பிறந்தநாளில், நான் வென்றுவிட்டு நின்ற நிற்பையும் கரண்டியை வைத்துச் செய்து காட்டியிருப்பான். ஜெனுஷா சிரித்திருப்பாள். இவ்வளவையும் நான் நினைத்துப் பார்த்தேன். நினைக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

“தண்ணி உள்ள போயிட்டுது மச்சான்,” என்றேன். “நீ வெண்டிட்டாய்.”

இதுதான் என் பதில். மொழிபெயர்ப்பாளர் அப்படியே மாற்றலாம், கடினமான சொல் ஒன்றும் இல்லை.

முப்பது வருடத்தில் நான் அவனிடம் தோற்றேன் என்று சொன்னது அதுதான் முதல்தரம். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். சந்தோசம் வந்தால் அவன் கையில் இருப்பதை என்ன செய்வான் என்று ரண்டர்ஸில் உள்ள அத்தனை தமிழருக்கும் தெரியும். “பார், பார்” என்று ஈங்கரை டேனிஷில் கூப்பிட்டான். சுத்தியலை இழுத்து, குழலைக் காதில் வைத்தான். என் குரலில், “ஹலோ, கொம்யூனோ? நான் ஜெபரட்ணம்,” என்று தொடங்கி, என் இருமலை இருமி, விசையை இழுத்தான்.

வெடித்தது. ஈர மருந்து என்றால் சத்தம் அமுங்கிவரும். இது சுத்தமான சத்தம்.

இன்பமலர் தேத்தண்ணிப் போத்தலோடு கொட்டிலிலிருந்து ஓடிவந்தாள். செத்தவீடு முடிந்த பிறகு என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: “அவர் கடைசியா என்ன கேட்டவர் அண்ணை?” தேத்தண்ணி வந்துவிட்டதா என்று கேட்டான் என்று சொன்னேன். அன்றிலிருந்து, தான் சுணங்காமல் கொண்டுவந்திருந்தால் அவன் துப்பாக்கியைக் கீழே வைத்திருப்பான் என்று அழுகிறாள். அழுது ஆறட்டும் என்று விட்டிருக்கிறேன். இந்தத் தாளை அவளுக்குக் காட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

எனக்கு ஒரு சின்ன வேண்டுகோள் உண்டு. ரிவோல்வர் உங்களிடம் இருக்கிறது. ஐந்து அறைகள் இன்னும் வெடிக்காமல் இருக்கின்றன. உங்கள் ஆட்களில் துப்பாக்கி தெரிந்த ஒருவரைக் கொண்டு புதுத் தொப்பி போட்டுச் சுட்டுப் பாருங்கள். எத்தனை வெடித்தன என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். வெடித்தது கீறல் வைத்த அறை அல்ல. நித்தி விழுந்ததும் நான் குனிந்து முதலில் பார்த்தது அதைத்தான். ஆகவே கீறல் உள்ளது அந்த ஐந்தில் ஒன்று. அது இடையில் திறந்தது, அதைச் சேர்க்க வேண்டாம்.

மற்ற நாலுக்கும் நான் பொறுப்பு.