குருக்களை யாரும் கேட்கவில்லை

தலைமைக் கதிரையை நிறைத்து வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய கணேசலிங்கம் அவர்களே, வயதால் முதிர்ந்து வாஞ்சையால் இளமை குன்றாத பெரியோர்களே, மடைப்பள்ளி மணத்தை மண்டபத்துக்குள் அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, கைத்தொலைபேசியை அணைத்துவிட்டதாக என்னை நம்பவைக்கும் இளையவர்களே, கடல்கடந்து வந்து குடியிருக்கும் எங்கள் டூங்கபி வைரவருக்கு நாள்தோறும் விளக்கேற்றும் சச்சிதானந்தக் குருக்கள் ஐயா அவர்களே, எல்லோருக்கும் இந்த விக்னராஜாவின் கைகூப்பு!

இந்தக் கோயில் நிலத்தைக் கொடுத்தவர் என் தந்தையார். ஆகவே அர்ச்சகரை நியமிக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு. அந்த உரிமையை இன்று கையில் வைத்திருக்கும் ஆதீனகர்த்தா நான். இல்லை, அந்த உரிமை அங்கத்தவர்களுக்கே என்கிறது நிர்வாகசபை. குருக்களின் பணித் தவணை இம்மாதம் முடிகிறது. எனக்கும் அவர்தான் வேண்டும். சபைக்கும் அவர்தான் வேண்டும். பிறகு எதற்குச் சண்டை? யார் நியமிப்பது என்பதற்குச் சண்டை! சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள், வடை வர இன்னும் நேரமிருக்கிறது.

புதிய சண்டையா இது? இங்கிலாந்திலே தேவாலயம் கட்டிய பிரபுவின் வம்சமே பாதிரியாரை நியமித்தது. அந்த உரிமையை நிலம்போல விற்றார்கள், நிலம்போல வாங்கினார்கள். ஸ்கொட்லாந்திலோ அதன் பொருட்டு ஒரு திருச்சபையே இரண்டாகப் பிளந்தது. நேற்று ரயிலில் இதைப் படித்துக்கொண்டே வந்தேன். கண் அயர்ந்தேன், கனவு கவிந்தது.

பனி. பனிக்குள்ளே பசும்புல். புல்வெளி நடுவே கல்லாலான கோபுரம். மணி ஆடுகிறது, ஆடுகிறது, ஆடிக்கொண்டே இருக்கிறது. ஓசை மட்டும் இல்லை. வாசலிலே ஒரு பாதிரியார். அவர் வலக்கையைப் பிரபு பிடித்திருக்கிறார், இடக்கையை ஊர் பிடித்திருக்கிறது. "எம்மவர்" என்கிறது ஒரு பக்கம். "எம்மவர்" என்கிறது மறுபக்கம். மெல்லத் திரும்பினார் பாதிரியார். நெற்றியிலே திருநீறு! எங்கள் குருக்கள்! ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விழித்துக்கொண்டேன். பார்த்தால் இறங்கவேண்டிய டூங்கபி தாண்டி ரயில் பிளக்டவுனில்!

"ஐயா என்ன சொன்னவர், அங்கிள்?" என்கிறார் கூட்டத்திலிருந்து தம்பி பிரஷாந்தன். அதை அறியத்தானே நானும் நேரே கோயில் குசினிக்கு ஓடினேன். குருக்கள் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்களுக்கு இங்க இருக்க விருப்பமோ?" என்றேன்.

அகப்பை நின்றது.

"இவ்வளவு காலத்தில இதை ஒருத்தரும் கேக்கேல்லை. என்ர மனுசி மிருணாளினிக்கு மெல்பேர்ணில ஆஸ்பத்திரி வேலை. பிள்ளையும் அவவோட அங்கதான், பொயிண்ட் குக்கில. அங்க ஒரு கோயிலில கூப்பிடுகினம். போகத்தான் விருப்பம். சொல்லத்தான் பயம்."

"என்ன பயம்?"

"நீங்கள்தானே ஸ்பொன்சர். கோவிச்சால் என்ர விசா என்னாகும்?"

இதைச் சபையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். பொங்கலை இறக்கி வைத்துவிட்டு "ஓம்" என்றார். சொல்கிறேன், நெஞ்சு பதறச் சொல்கிறேன்!

நம் பிள்ளைகளுக்கு ஆயுள் வேண்டி அர்ச்சனை செய்தவர், தன் பிள்ளையைத் தொலைபேசித் திரையில் அல்லவா தாலாட்டினார்! ஊருக்காக மந்திரம் சொல்லும் வாய்க்கு, தன் மனத்தைச் சொல்ல உரிமை இல்லையா? பிரபு கேட்டாரா? ஊர் கேட்டதா? நான் கேட்டேனா? நீங்கள் கேட்டீர்களா?

என் குடும்பத்தின் உரிமையை இன்றே சபையிடம் ஒப்படைக்கிறேன். பொறுங்கள், கைதட்ட வேண்டாம். ஒப்படைக்குமுன் கடைசியாக ஒருமுறை அதைப் பயன்படுத்துகிறேன்: ஐயாவை மனமுவந்து விடுவிக்கிறேன்! பொயிண்ட் குக் கோயிலின் விசா அவர் கைக்கு வரும்வரை எங்கள் ஸ்பொன்சர் அப்படியே நிற்கும்.

"அப்ப எங்கட பூசைக்கு ஆர்?" தாய்மார் பக்கத்திலிருந்து ஒரு குரல். தேடுவோம், அம்மா. எத்தனை பேரை வேண்டுமானாலும் தேடுவோம். வருகிறவரிடம் வாக்குறுதி கேட்குமுன், அவர் விருப்பத்தைக் கேட்போம்.

செவிசாய்த்தவர்களுக்கும் என்னோடு சினந்தவர்களுக்கும் என் நன்றி, என் வணக்கம். குருக்கள் ஐயா, கண்ணைத் துடையுங்கோ. இஞ்ச வாங்கோ, மைக்கைப் பிடியுங்கோ. இனி நீங்கள் கதையுங்கோ.